கடலோர அலுவலகத்தில் மின்சாரமும் நீரும் வீணாகாமல் இருக்க

தொண்டியிலிருந்து சாயல்குடி வரையுள்ள இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் அலுவலகம் நடத்துவோர், சிக்கனம் என்றவுடன் புதிய கருவிகள் வாங்குவதைப் பற்றியே யோசிக்கிறார்கள். இருக்கும் கருவியை உப்பிலிருந்து காப்பாற்றுவதே இங்கு முதல் சிக்கனம் என்பது என் உறுதியான கருத்து.

அதற்கு முன், எங்கே வீணாகிறது என்று தெரிய வேண்டும். ஒரு வாரத்துக்கு, மாலையில் பூட்டும்போதும் காலையில் திறக்கும்போதும் மின்மீட்டர் காட்டும் அளவைக் குறித்து வாருங்கள். ஆளில்லாத இரவில் 3 யூனிட் ஓடுகிறது என்றால், மாதத்துக்கு 90 யூனிட் போகிறது. கண்காணிப்பு கேமராவும் மோடமும் ஓடித்தான் ஆக வேண்டும். ஆனால் சுடுநீரும் குளிர்நீரும் தரும் எந்திரம், அணைக்காத கணினிகள், ரிமோட்டால் மட்டும் நிறுத்திய ஏசி ஆகியவற்றைச் சுவிட்சிலேயே அணைத்துவிடலாம்.

அடுத்தது ஏசியின் வெளிப்பெட்டி. அதன் பின்புறத்தில் நெருக்கமாக அடுக்கப்பட்ட மெல்லிய அலுமினியத் தகடுகள்தாம் அறையின் வெப்பத்தை வெளியே தள்ளுகின்றன. உப்புக்காற்று பட்டு அவற்றில் வெண்மையான பொடி பூக்கும். நாளடைவில் விரல் பட்டாலே உதிரும் அளவுக்கு அரித்துப்போகும். வெப்பம் வெளியேற வழியில்லாதபோது, அதே குளிர்ச்சிக்குக் கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடுகிறது. ஆகவே மின்சாரத்தை மெயினில் துண்டித்துவிட்டு, தகடுகளை உப்பில்லாத நீரால் மெதுவாகக் கழுவ வேண்டும். வேகமாகப் பீய்ச்சினால் தகடு வளைந்துவிடும். ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பாக இருப்பதால், அதில் கழுவுவது அரிப்பைக் கூட்டவே செய்யும். உள்பெட்டியின் குழாயிலிருந்து சொட்டும் நீரில் உப்பு ஏறக்குறைய இருக்காது என்பதால், அதை வாளியில் பிடித்து இதற்குப் பயன்படுத்துவதே மிகச் சிறந்தது. ஈரக்காற்று வீசும் நம் பகுதியில் அந்த நீருக்குக் குறைவே இல்லை; குடிக்க மட்டும் அது ஆகாது.

எப்போது கழுவுவது என்பதைக் காற்று சொல்லும். தேவிபட்டினம், தொண்டி போன்ற பாக் நீரிணைப் பக்கத்து ஊர்களில் வாடைக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். கீழக்கரை, ஏர்வாடி போன்ற மன்னார் வளைகுடாப் பக்கத்து ஊர்களிலோ தென்மேற்குக் காற்றுக் காலத்தில் கொந்தளிக்கும். உங்கள் பக்கத்துக் கடல் அடங்கியதும் நன்றாகக் கழுவுங்கள். அந்தக் காற்று வீசும் மாதங்களில் இடையிடையேயும் ஒருமுறை கழுவுங்கள். புதிதாகப் பொருத்துவோர் கடலை நேராகப் பார்க்கும் சுவரைத் தவிர்க்க வேண்டும்.

2020 ஜனவரி 1 முதல் நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏசிகளின் இயல்பு அமைப்பு 24 டிகிரி. அதை 26-க்கு உயர்த்தி, மின்விசிறியையும் சேர்த்து ஓடவிட்டால் உடல் சுகமாகவே இருக்கும். 75 வாட் இழுக்கும் பழைய விசிறிக்குப் பதிலாக 28 வாட் பிஎல்டிசி விசிறி (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்டது) மாட்டினால், நாளுக்கு 10 மணி நேரமாக 25 நாள் ஓடும் அலுவலகத்தில் ஒரு விசிறிக்கே மாதம் 11 யூனிட்டுக்கு மேல் மிச்சமாகும்.

குடிநீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்கும் மாவட்டத்தில், ஆர்.ஓ. எந்திரம் கழித்து வெளியேற்றும் நீரைச் சாக்கடைக்கு விடுவதைக் காணும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. அதன் குழாயை ஒரு டிரம்முக்குத் திருப்பிவிட்டால், கழிப்பறைக்கும் தரை துடைப்பதற்கும் தாராளமாகப் போதும். உப்பு செறிந்த நீர் என்பதால் செடிகளுக்கு மட்டும் ஊற்றக் கூடாது.

காகிதத்துக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை: பிரிண்டரில் இருபக்க அச்சை இயல்பாக வைத்துவிடுங்கள், பிரித்த காகிதக் கட்டைப் பாலித்தீன் உறையில் மூடி வையுங்கள். திறந்து கிடக்கும் தாள் ஈரத்தை உறிஞ்சி பிரிண்டரில் சிக்கும், சிக்கிய தாள் குப்பைக்குத்தான் போகும்.