அமெரிக்க செக்யூரிட்டி கிளியரன்ஸ்: கடனை மறைக்காதீர்கள்

அமெரிக்க அரசின் ரகசியங்களைக் கையாளும் வேலைக்குப் போகிறவர்கள், அதற்கான அனுமதியான செக்யூரிட்டி கிளியரன்ஸ் பெற எஸ்எஃப்-86 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். நூறு பக்கத்தைத் தாண்டும் அந்தப் படிவத்தில் பலருக்குக் கை நின்றுபோகும் இடம் 26ஆம் பிரிவு. கடந்த 7 ஆண்டுகளில் உங்கள் கடன் எதுவும் பாக்கி வசூலிக்கும் கலெக்‌ஷன் ஏஜென்சிக்குப் போனதா, 120 நாளுக்கு மேல் கட்டாமல் நின்றதா, வருமான வரி தாக்கல் செய்யாமல் விட்டீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும். எப்போதோ ஒரு மருத்துவமனை பில் விட்டுப்போயிருக்கும். வீடு மாறியதில் நினைவூட்டல் கடிதமும் கைக்கு வந்திருக்காது. இதை எழுதினால் வேலை போய்விடுமே என்ற பயத்தில் ‘இல்லை’ என்று டிக் அடித்துவிடுகிறார்கள்.

அந்த டிக்தான் கடனைவிடப் பெரிய கெடுதல். உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் ரிப்போர்ட்டை விசாரிப்பவர்களே எடுத்துப் பார்ப்பார்கள். அந்த பில் அதில் இருக்கும். 2017 ஜூன் முதல் நடப்பில் இருக்கும் விதிகளில் பணவிஷயத்துக்கு எஃப், நேர்மைக்கு ஈ என்று தனித்தனி வழிகாட்டுதல்கள் உண்டு. கடனை ஒப்புக்கொண்டவர் எஃப்புக்குப் பதில் சொன்னால் போதும். தெரிந்தே மறைத்தவர் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டும். போதாததற்கு, வேண்டுமென்றே பொய் எழுதுவது 5 ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம்.

கடனை ஏன் இப்படித் துருவுகிறார்கள்? சிஐஏ அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் 1985இல் கடன் நெருக்கடியில் சோவியத் தூதரகத்துக்குப் போய், ரகசியங்களைக் கொடுத்து 50,000 டாலர் கேட்டார். 1994இல் பிடிபடுவதற்குள், அவர் காட்டிக்கொடுத்த பலர் உயிரிழந்திருந்தார்கள். கடனில் சிக்கியவர் ரகசியத்தை விற்றுவிடுவாரோ என்ற அரசின் பயம் நியாயமானதுதான்.

அதற்காகக் கடன் இருந்தாலே கதவு அடைபடும் என்று நினைக்காதீர்கள். வேலை போனது, உடம்பு முடியாமல் போனது, விவாகரத்து போன்ற கைமீறிய காரணங்களை விதிகளே ஏற்கின்றன. ஆனால் அதற்கப்புறம் நீங்கள் பொறுப்பாக நடந்துகொண்டீர்களா என்று பார்ப்பார்கள். கடன் கொடுத்தவரிடம் பேசித் தவணை போட்டு, மாதம் 100 டாலர் என்றாலும் தவறாமல் கட்டிய ரசீதுகள் பெரிய பலம்.

இன்னொரு தவறு, 7 ஆண்டு ஓடட்டும், ரிப்போர்ட்டிலிருந்து விழுந்துவிடும் என்று காத்திருப்பது. ரிப்போர்ட்டில் அந்தக் கடன் இல்லை என்பதால் அதைத் தீர்த்ததாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கிளியரன்ஸை ஏன் மறுக்க நினைக்கிறார்கள் என்று சொல்லும் குற்றச்சாட்டுக் கடிதம் கைக்கு வந்த பிறகு அவசரமாகக் கட்டுவதற்கும் மதிப்பு குறைவு. ராணுவ ஒப்பந்த நிறுவன ஊழியர் என்றால் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத 20 நாள்தான் தருவார்கள்.

கிளியரன்ஸ் கிடைத்துவிட்டது, இனி யார் பார்க்கப்போகிறார்கள் என்றும் இருந்துவிடாதீர்கள். இப்போது கண்காணிப்பு தொடர்ந்து நடக்கிறது. குடியுரிமை பெற்ற நம்மவர்களுக்கு ஒன்று: ஊரில் உங்கள் பெயரில் உள்ள வீடு, அப்பாவோடு சேர்ந்து வைத்திருக்கும் வங்கிக் கணக்கு ஆகியவற்றை வெளிநாட்டுச் சொத்து பற்றிய பகுதியில் எழுதிவிடுங்கள். அவற்றை வைத்திருப்பதில் தவறில்லை. எழுதாமல் விட்டால்தான் கேள்வி வரும்.

படிவத்தை நிரப்ப உட்காரும் முன் ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் ரிப்போர்ட் நிறுவனங்களிலும் உங்கள் ரிப்போர்ட்டை இலவசமாக வாங்கிப் பாருங்கள். உங்களுக்கே தெரியாத பில் அங்கே இருக்கலாம்.

சரி, ஏற்கெனவே ‘இல்லை’ என்று அனுப்பிவிட்டீர்களா? விசாரணை அதிகாரி ஆதாரத்தை எடுத்து வைப்பதற்கு முன் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். தானாக முன்வந்து உடனே திருத்தியதை விதிகள் சாதகமாக எடுத்துக்கொள்கின்றன. அவர் ரிப்போர்ட்டைக் காட்டிக் கேட்ட பிறகு சொன்னால் அந்தச் சலுகை கிடைக்காது.