ஏகபோகமும் பதிப்புரிமையும் கணினித் துறையைத் தாமதப்படுத்துகின்றனவா: ஆராயும் முறை

சந்தை ஆதிக்கமும் பதிப்புரிமைச் சட்டமும் கணினித் துறையில் புதியன தோன்றுவதைத் தடுக்கின்றன என்ற குற்றச்சாட்டைச் சோதிக்க விரும்புவோர், பூட்டப்பட்டிருப்பது நிரலா, இடைமுகமா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் படியெடுக்க இயலாமற்போவதால் துறைக்குப் பெரிய இழப்பில்லை. அந்த நிரலோடு பிற நிரல்கள் உறவாடத் தேவையான கட்டளைகளும் அவற்றின் அமைப்பும், அதாவது இடைமுகம், ஒரே நிறுவனத்தின் உடைமையாகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

1981இல் வெளிவந்த ஐபிஎம் பிசியை இதற்கு அளவுகோலாகக் கொள்ளலாம். அதன் உறுப்புகளில் பெரும்பாலானவை வெளிச்சந்தையில் கிடைத்தவை. ஐபிஎம் தன் உரிமையாக வைத்திருந்தது பயாஸ் என்னும், கணினியைத் தொடக்கி அதன் உறுப்புகளை இயக்கும் சிறு நிரலைத்தான். அதன் மூலநிரலைத் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டே கொடுத்திருந்தது, ஆனால் அதைப் படித்தவர் எழுதும் எந்த நிரலும் படியெடுத்ததாகக் கருதப்படும் அபாயம் இருந்தது (இது வெளிப்படைத்தன்மையா, கண்ணியா என்று இன்றும் வாதிடலாம்). ஆகவே காம்பாக் நிறுவனம், பயாஸ் செய்யும் வேலைகளை மட்டும் ஒரு குழுவை விவரிக்கச் செய்து, ஐபிஎம்மின் நிரலைக் கண்ணாலும் கண்டிராத மற்றொரு குழுவிடம் அந்த விவரிப்பைத் தந்து புதிதாக எழுத வைத்தது. ஃபீனிக்ஸ் நிறுவனமும் அவ்வாறே எழுதி, 1984இல் தன் பயாஸைப் பிற தயாரிப்பாளர்களுக்கு விற்கத் தொடங்கியது. ஐபிஎம் பிசியோடு ஒத்தியங்கும் கணினிகள் பெருகின. பதிப்புரிமை இங்கே செலவைக் கூட்டியதே தவிர, வழியை அடைக்கவில்லை.

அடுத்து, தீர்ப்பை மட்டும் படிக்காமல் வழக்கு நடந்த காலத்தையும் கணக்கிடுங்கள். லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாள் மென்பொருளின் கட்டளைப் பட்டியலைத் தன் குவாட்ரோ புரோ என்னும் போட்டி விரிதாளில் பயன்படுத்தியதற்காகப் போர்லேண்ட் நிறுவனத்தின் மீது லோட்டஸ் நிறுவனம் 1990இல் வழக்குத் தொடர்ந்தது. 1995இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் போர்லேண்டின் பக்கம் தீர்ப்பளித்தது. 1996இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சமமாகப் பிளவுபட்டதால் அது நிலைத்தது. ஆனால் குவாட்ரோ புரோவைப் போர்லேண்ட் 1994இலேயே நோவெல் நிறுவனத்துக்கு விற்றுவிட்டிருந்தது, விரிதாள் சந்தையோ மைக்ரோசாஃப்டின் எக்செல் வசமாகியிருந்தது. ஜாவா என்னும் நிரல்மொழியின் இடைமுகங்களை ஆண்ட்ராய்டில் பயன்படுத்தியதற்காகக் கூகுள் மீது ஆரக்கிள் தொடர்ந்த வழக்கு 2010 முதல் 2021 வரை நீண்டது; கூகுள் ஏறத்தாழ 11,500 வரிகளைப் பயன்படுத்தியது நியாயமான பயன்பாடே (உரிமையாளரின் அனுமதியின்றியே சட்டம் இடந்தரும் பயன்பாடு) என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 6-2 என்ற பெரும்பான்மையில் முடிவானது. இடைமுகத்துக்குப் பதிப்புரிமை உண்டா என்ற அடிப்படைக் கேள்விக்கு நீதிமன்றம் விடை கூறவில்லை. பதினோராண்டு வழக்கைத் தாங்கும் வலு கூகுளுக்கு இருந்தது. சிறு நிறுவனம் முதல் நோட்டீஸிலேயே பின்வாங்கியிருக்கும் என்பது என் கணிப்பு.

ஆதிக்கத்தை அளக்க, போட்டி ஓய்ந்தபின் வெளியீடுகளின் இடைவெளியைப் பாருங்கள். மைக்ரோசாஃப்டின் உலாவியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 6 வந்தது 2001இல். 7 வந்தது 2006இல். இடையே 2004இல் போட்டி உலாவியான ஃபயர்ஃபாக்ஸ் 1.0 வெளிவந்தது. எனினும் அந்த ஆண்டுகளில் மைக்ரோசாஃப்ட் பாதுகாப்புத் திருத்தங்களிலும் விண்டோஸ் விஸ்டா இயங்குதளத்தின் தாமதத்திலும் சிக்கியிருந்ததால், தேக்கம் முழுவதையும் ஆதிக்கத்தின் கணக்கில் எழுதுவது சரியாகாது.

எதிர்ச்சான்றையும் தேடுங்கள்: லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலைப் பொதுவில் நிறுத்தி வைத்திருக்கும் ஜிபிஎல் உரிமம் (யாரும் நிரலைப் பயன்படுத்தலாம், மாற்றலாம்; மாற்றி வெளியிடுவோர் அதே உரிமையைப் பிறருக்கும் தர வேண்டும் என்பது) பதிப்புரிமையின் பலத்தில்தான் செல்லுபடியாகிறது. இறுதியாக, உள்நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தனியாக உருவாக்கப்பட்ட நிரல் பிறவற்றோடு ஒத்தியங்கத் தேவையான தகவல் எளிதில் கிடைக்காதபோது, முறைப்படி மென்பொருளை வைத்திருப்பவர் அதை ஆராய்ந்து பெறலாம் என்கிறது. நீங்கள் ஆராயும் மென்பொருளின் உரிம ஒப்பந்தம் அந்த ஆய்வைத் தடைசெய்கிறதா என்று ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.