ஒரு வாதத்தைக் காகிதத்தில் வரைந்து பார்ப்பது எப்படி?

வீட்டிலும் வேலையிலும் நடக்கும் பல வாக்குவாதங்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்து நிற்கும். எதிரில் இருப்பவர் ஐந்து விஷயங்கள் சொல்லியிருப்பார். அவற்றில் எதை மறுக்கிறோம் என்பது நமக்கே தெளிவாக இருக்காது. மொத்தமாக "அதெல்லாம் சரிவராது" என்று சொல்லிவிடுவோம். அவரும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

அந்த வாதத்தை வரைபடமாகப் போட்டுப் பார்த்தால், "இதுவரை எல்லாம் சரி, இந்த ஒரு இடம்தான் எனக்கு ஒப்பவில்லை" என்று விரல் வைத்துக் காட்ட முடியும். இதற்குத் தர்க்கம் படித்திருக்க வேண்டியதில்லை. ஒரு காகிதமும் பென்சிலும் போதும். பேனா வேண்டாம், நிறைய அழிக்க வேண்டி வரும்.

இந்த விளக்கம் முழுக்க ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கெட்டுப்போன லேப்டாப் பற்றி ஒருவர் தன் தம்பியிடம் சொல்கிறார்:

"இதைப் போய் ரிப்பேர் செய்வதில் என்ன பிரயோஜனம்? ஆறு வருஷம் ஆகிவிட்டது. இந்த மாடலைத் தயாரிப்பதையே நிறுத்திவிட்டார்கள், உதிரி பாகம் எங்கே கிடைக்கப் போகிறது? அதோடு இதில் இனிமேல் அப்டேட்டும் வராது. அப்டேட் வராத கணினியில் வங்கி வேலை பார்ப்பது ஆபத்து. நீயோ எல்லாப் பணத்தையும் இதில்தான் அனுப்புகிறாய். பேசாமல் புதுசு வாங்கிவிடு."

முதலில், இது வாதம்தானா?

காரணம் சொல்வதெல்லாம் வாதம் ஆகிவிடாது. "கரண்ட் இல்லாததால் ஃபேன் ஓடவில்லை" என்று ஒருவர் சொன்னால், ஃபேன் ஓடாதது இருவருக்கும் தெரியும். அது ஏன் ஓடவில்லை என்று அவர் விளக்குகிறார். "ஃபேன் ஓடவில்லையே, அப்படியானால் கரண்ட் இல்லை" என்றால் கதை வேறு. கேட்பவருக்கு இன்னும் தெரியாத ஒன்றை நம்பச் சொல்கிறார், அதற்கு ஆதாரம் காட்டுகிறார். இரண்டிலும் செய்திகள் அதே இரண்டுதான். முதலாவது விளக்கம், இரண்டாவது வாதம்.

சந்தேகம் வந்தால் இப்படிக் கேளுங்கள்: கேட்பவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட ஒன்றுக்குக் காரணம் சொல்கிறாரா, ஒப்புக்கொள்ளாத ஒன்றை ஒப்புக்கொள்ள வைக்கப் பார்க்கிறாரா? இரண்டாவது என்றால் வரையத் தொடங்கலாம்.

படி 1: முடிவைக் கண்டுபிடியுங்கள்

பேசுபவர் கடைசியில் நம்மை எதற்குச் சம்மதிக்க வைக்கப் பார்க்கிறார்? அதுதான் முடிவு. நம் எடுத்துக்காட்டில் "புதுசு வாங்கிவிடு" என்பது. இங்கே அது கடைசியில் வந்திருக்கிறது. பலர் முதலிலேயே சொல்லிவிடுவார்கள், சிலர் நடுவில் சொல்லிவிட்டு மேலே போய்விடுவார்கள். ஆகவே இடத்தை நம்ப வேண்டாம்.

ஆகவே, எனவே, அப்படியானால் போன்ற சொற்களுக்குப் பின்னால் முடிவு வரும். ஏனென்றால், காரணம் என்னவென்றால் ஆகியவற்றுக்குப் பின்னால் காரணம் வரும். ஆனால் பேச்சில் இவை பாதி நேரம் வருவதே இல்லை. காரணம் ஒரு விகுதிக்குள் ஒளிந்திருக்கும்: "உடம்பு சரியில்லாததால்", "அவர்தான் வந்துவிட்டாரே". அதனால் இந்தச் சொற்களைத் தேடுவதோடு நிற்காமல், ஒவ்வொரு வாக்கியத்தையும் பார்த்து "இதை ஏன் சொல்கிறார்?" என்று கேட்பது நல்லது. ஒரு வாக்கியத்துக்கு மற்றவையெல்லாம் பதிலாக அமைந்து, அது வேறு எதற்கும் பதிலாக அமையவில்லை என்றால், அதுவே முடிவு.

படி 2: பிரித்து எண் போடுங்கள்

ஒவ்வொரு கூற்றையும் தனி வரியில், முழு வாக்கியமாக எழுதுங்கள். கேள்வி வடிவில் வந்ததை நேர்க்கூற்றாக மாற்றுங்கள். "என்ன பிரயோஜனம்?" என்பது உண்மையில் கேள்வி இல்லை, பிரயோஜனம் இல்லை என்கிற கூற்று. கோபம், சலிப்பு, "பேசாமல்" போன்ற அடைமொழி எல்லாவற்றையும் விட்டுவிடலாம்.

1. நீ புதிய லேப்டாப் வாங்க வேண்டும்.
2. இதை ரிப்பேர் செய்வதில் பயன் இல்லை.
3. இது வாங்கி ஆறு வருஷம் ஆகிவிட்டது.
4. இந்த மாடலின் தயாரிப்பு நின்றுவிட்டது.
5. இதற்கு உதிரி பாகம் கிடைக்காது.
6. இதில் இனி அப்டேட் வராது.
7. அப்டேட் வராத கணினியில் வங்கி வேலை பார்ப்பது ஆபத்து.
8. நீ வங்கி வேலையை இதில்தான் பார்க்கிறாய்.

ஒரு எச்சரிக்கை: "மழை பெய்தால் ஆட்டம் ரத்தாகும்" போன்ற வாக்கியத்தை இரண்டாக வெட்டக் கூடாது. மழை பெய்யும் என்று அவர் சொல்லவில்லை, ஆட்டம் ரத்து என்றும் சொல்லவில்லை. இரண்டுக்கும் உள்ள தொடர்பை மட்டும் சொல்கிறார். அது ஒரே கூற்று. "அல்லது" வரும் வாக்கியமும் அப்படியே.

கூற்றுகளுக்கு எண் கொடுத்து அம்புக்குறியால் இணைக்கும் இந்த வழக்கம் புதிதல்ல. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் மன்றோ பியர்ட்ஸ்லி 1950இல் மாணவர்களுக்கான பாடநூலில் இதைப் பயன்படுத்தினார். அப்புறம் வந்த பல முறைகள் இதன் மேல் கட்டப்பட்டவை.

படி 3: அம்புக்குறி போடுங்கள்

காரணத்திலிருந்து முடிவை நோக்கி அம்பு போக வேண்டும். முடிவைக் காகிதத்தின் அடியில் எழுதிவிட்டு மேல்நோக்கிப் போவது எளிது. 1ஐப் பார்த்து "ஏன்?" என்று கேளுங்கள். கிடைக்கும் பதிலுக்கும் "ஏன்?" கேளுங்கள். பதில் இல்லாத இடத்தில் நின்றுவிடுங்கள்.

புதுசு ஏன் வாங்க வேண்டும்? ரிப்பேரில் பயன் இல்லை (2). ஏன் இல்லை? உதிரி பாகம் கிடைக்காது (5). ஏன் கிடைக்காது? தயாரிப்பு நின்றுவிட்டது (4). ஆக 4 → 5 → 2 → 1. இதில் 2, 5 இரண்டும் ஒரு பக்கம் முடிவாகவும் மறுபக்கம் காரணமாகவும் நிற்கின்றன. தொடக்கத்தில் பலர் எல்லாக் கூற்றிலிருந்தும் நேரே 1க்கு அம்பு போட்டுவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் வாதம் எப்படி நிற்கிறது என்பதே அதில் தெரியாது.

படி 4: சேர்ந்து நிற்கிறதா, தனியாக நிற்கிறதா?

இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நேரம் எடுத்துச் செய்யுங்கள்.

6, 7, 8 மூன்றையும் பாருங்கள். 7ஐ விரலால் மறைத்துவிட்டு மற்ற இரண்டையும் படியுங்கள். "அப்டேட் வராது, நீ இதில் வங்கி வேலை பார்க்கிறாய்." சரி, அதனால் என்ன? வாதம் அந்தரத்தில் நிற்கிறது. 8ஐ மறைத்தாலும் அப்படித்தான், அந்த ஆபத்து தம்பிக்கு எப்படிப் பொருந்தும் என்று தெரியாது. மூன்றும் முக்காலியின் கால்கள் மாதிரி, ஒன்றை எடுத்தால் மொத்தமும் விழும். இவற்றைக் கூட்டல் குறியால் சேர்த்து, அடியில் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டிலிருந்து ஒரே ஒரு அம்பு வரையுங்கள்.

இப்போது உதிரி பாகம் பற்றிய 5ஐ மறையுங்கள். வங்கி பற்றிய மூன்றுக்கும் எந்தச் சேதமும் இல்லை. ஆக இவை இரண்டும் தனித்தனிப் பாதைகள், தனித்தனி அம்புகள்.

4 → 5 → 2 → 1
6 + 7 + 8 → 1

இந்த வேறுபாடு ஏன் இவ்வளவு முக்கியம்? சேர்ந்து நிற்கும் மூன்றில் ஒன்றைத் தவறு என்று காட்டினால் அந்தப் பாதை முழுவதும் போய்விடும். தனியாக நிற்கும் ஒன்றைத் தகர்த்தால் மற்றது அப்படியே இருக்கும். உதிரி பாகத்தைத் தேடிக் கண்டுபிடித்துவிட்ட தம்பி, வாதத்தையே வென்றுவிட்டதாக நினைக்கலாம். வங்கிப் பாதை இன்னும் அசையாமல் நிற்கிறது.

சில வாதங்களில் சேர்ந்தா தனியா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தர்க்கவியலாளர்களிடையேயே இதற்கான சோதனை எது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டு விதமாகவும் வரைந்து பாருங்கள், பேசியவர் ஒப்புக்கொள்ளக்கூடியதை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: சொல்லாமல் விட்டதை எழுதுங்கள்

3 இன்னும் அநாதையாக நிற்கிறது. ஆறு வருஷம் ஆனால் என்ன? "ஆறு வருஷமான எதையும் தூக்கிப்போட வேண்டும்" என்று இட்டு நிரப்பலாம், ஆனால் அவர் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். எளிதில் உடைக்கக்கூடிய ஒன்றை அடுத்தவர் வாயில் திணிப்பது நியாயமில்லை. நிரப்பும்போது, பேசியவரிடம் காட்டினால் "ஆமாம், இதைத்தான் சொல்ல வந்தேன்" என்று அவரே சொல்லும்படி நிரப்ப வேண்டும். அவர் இப்படி நினைத்திருக்கலாம்:

அ. இவ்வளவு பழையதைச் சரி செய்தாலும் சீக்கிரம் மறுபடி கெட்டுவிடும்.

இப்போது 3 + அ → 2. சொல்லாதவற்றுக்கு எண்ணுக்குப் பதில் எழுத்து கொடுங்கள், சுற்றிலும் புள்ளிக் கோடு போடுங்கள். எது அவர் சொன்னது, எது நாம் சேர்த்தது என்பது எப்போதும் பிரிந்து தெரிய வேண்டும்.

காரணத்தையும் முடிவையும் இணைக்கும் விதியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற அக்கறை நம் மரபில் பழையது. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் தருக்கம் கற்பிக்கும் இடத்தில், மலையில் நெருப்பு உண்டு, புகை இருப்பதால் என்பதோடு நிறுத்தாமல் அடுக்களையை எடுத்துக்காட்டாக வைப்பார். புகை உள்ள இடத்தில் நெருப்பு உண்டு என்ற விதிக்கு அந்த எடுத்துக்காட்டே சாட்சி. 1958இல் பிரிட்டிஷ் தத்துவவாதி ஸ்டீபன் டூல்மின் தன் வரைபடத்தில் இந்த இணைப்பு விதிக்கென்றே தனி இடம் ஒதுக்கினார்.

நம் படத்துக்கு வருவோம். 2லிருந்து 1க்குப் போகும் அம்பை உற்றுப் பாருங்கள். ரிப்பேரில் பயன் இல்லை, சரி. அதனால் ஏன் புதுசு? நடுவில் இரண்டு கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன:

ஆ. லேப்டாப் இல்லாமல் உன் வேலை நடக்காது.
இ. பயன்படுத்திய லேப்டாப் ஒன்றை வாங்குவது சரிவராது.

வங்கிப் பாதையும் நேரே 1ஐ எட்டவில்லை. அது எட்டுவது "இதைத் தொடர்ந்து பயன்படுத்துவது பாதுகாப்பில்லை" என்பதை மட்டும்தான். அதை ஈ என்று வைத்துக்கொண்டால் முழுப்படம் இது:

4 → 5 → 2
3 + அ → 2
6 + 7 + 8 → ஈ
2 + ஆ + இ → 1
ஈ + ஆ + இ → 1

இரண்டு பாதைகளும் இ வழியாகத்தான் போகின்றன! அதை யாரும் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. அப்டேட் வருகிற, பயன்படுத்திய லேப்டாப் ஒன்று கிடைத்தால், அண்ணன் சொன்ன எட்டில் முதலாவதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டே அவருடைய முடிவை ஏற்காமல் இருக்கலாம். இனிப் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

படி 6: மறுப்பை எங்கே போடுவது?

மறுப்பு இரண்டு வகை. கூற்றையே தாக்குவது ஒன்று: "அப்டேட் இன்னும் வருகிறது" என்றால் 6 தவறு என்கிறோம். அம்பைத் தாக்குவது இன்னொன்று: "தயாரிப்பு நின்றது உண்மைதான், ஆனால் பாகங்கள் இன்னும் இருப்பில் உள்ளன." இங்கே 4ஐ ஒப்புக்கொள்கிறோம், 4லிருந்து 5க்குப் போக முடியாது என்கிறோம். முதல் வகையைக் கூற்றின் பக்கத்திலும், இரண்டாவதை அம்பின் குறுக்கேயும் வேறு நிறத்தில் எழுதுங்கள். வழக்குகளில் இரு தரப்புச் சாட்சியங்களையும் ஒரே படத்தில் குறிக்க அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜான் ஹென்றி விக்மோர் 1913இல் ஒரு முறையை வெளியிட்டார். அதில் குறியீடுகள் ஏராளம். தொடங்குபவருக்கு இரண்டு நிறப் பென்சில் போதும்.

நீங்களே ஒன்று

"அவன் இந்த வாரம் வரமாட்டான். வருவதாக இருந்தால் நேற்றே ஃபோன் செய்திருப்பான். ஃபோனே வரவில்லையே. அவன் அம்மாவும் வரமாட்டான் என்றுதான் சொன்னார்."

வரைந்த பிறகு ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் வாக்கியம் முடிவு (1). இரண்டாவதை வெட்டாமல் ஒரே கூற்றாக எழுதியிருக்க வேண்டும் (2). அது மூன்றாவதோடு சேர்ந்துதான் நிற்கும்: 2 + 3 → 1. அம்மா சொன்னது தனிப் பாதை (4). அதற்குள் "அவன் திட்டம் அம்மாவுக்குத் தெரியும்" என்ற சொல்லாத கூற்று இருக்கிறது, அதைப் புள்ளிக் கோட்டுக்குள் எழுதிச் சேருங்கள்: 4 + அ → 1. "நேற்று அவன் ஃபோன் கெட்டுப்போயிருந்தது" என்று யாராவது சொன்னால் குறி 2இன் பக்கத்தில் விழும், 4இன் பாதைக்கு ஒன்றும் ஆகாது.