ஊருக்குப் போகும் விமானம் ஏன் சுற்றிப் போகிறது?

லண்டனிலிருந்து சென்னைக்குப் போன ஒரு பயணத்தில், பக்கத்து இருக்கையில் இருந்த அம்மா ஒருவர் திரையில் ஓடிய வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கருங்கடலைத் தாண்டிய விமானம் தெற்கே திரும்பாமல் ஜார்ஜியா, அசர்பைஜான் பக்கம் போனது. "தம்பி, இந்தியா கீழதானே இருக்கு, இவங்க ஏன் சுத்திப் போறாங்க?" என்று கேட்டார். டிக்கெட் எடுக்கும் முன்பே நாம் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி அது.

வீட்டில் உலக உருண்டை இருந்தால், ஒரு நூலை டொராண்டோவிலிருந்து சென்னைக்கு இழுத்துப் பிடித்துப் பாருங்கள். கிரீன்லாந்து, நார்வேயின் வடகோடி, ரஷ்யா, கசகஸ்தான் என்று நூல் மேலே ஏறிக் கீழே இறங்கும். உருண்டையில் அதுதான் குறுக்குவழி. தாளில் விரித்த வரைபடத்தில்தான் அது வளைவாகத் தெரிகிறது.

சரி, விமானம் அந்த நூல் வழியே பறக்குமா என்றால், பெரும்பாலும் இல்லை. புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்புதான் நிறுவனத்தின் டிஸ்பாட்சர் அன்றைய வழியைப் போடுவார். காற்று, எடை, எரிபொருள், கடந்து போகும் நாடுகள் வசூலிக்கும் வான்வெளிக் கட்டணம், மூடிக்கிடக்கும் வான்வெளி எல்லாம் அந்தக் கணக்கில் வரும். அதனால் நேற்றுப் போன வழியில்தான் இன்றும் போகும் என்று சொல்ல முடியாது.

காற்றைப் பொறுத்தவரை நமக்கு வேண்டியது ஒன்றுதான். 30,000 முதல் 40,000 அடி உயரத்தில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற வேகமான காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுகிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. 2020 பிப்ரவரியில் பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்தது இந்தக் காற்றால்தான். ஐரோப்பாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ ஊருக்குப் போகும்போது முதுகில் தள்ளும் காற்று, திரும்பும்போது முகத்தில் அடிக்கும். டிசம்பர், ஜனவரியில் திரும்புகிறவர்கள் இடையில் விமானம் மாறக் கூடுதல் நேரம் விட்டு டிக்கெட் எடுங்கள்.

இப்போது பெரிய பிரச்சினை மூடிய வானம். 2014 ஜூலையில் மலேசியா ஏர்லைன்ஸின் எம்எச்17 பயணிகள் விமானம் கிழக்கு உக்ரைன் மேல் 33,000 அடியில் பறந்தபோது சுட்டு வீழ்த்தப்பட்டு 298 பேர் இறந்தார்கள். உயரத்தில் போனால் கீழே நடக்கும் சண்டை நம்மைத் தொடாது என்ற நம்பிக்கை அன்றோடு போய்விட்டது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் வான்வெளி மூடியது. ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், கனடா, அமெரிக்க நிறுவனங்களுக்கு ரஷ்யாவும் கதவைச் சாத்தியது. ஏர் இந்தியாவுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய நிறுவனங்களைத் தடுத்தபோது, டெல்லியிலிருந்து வட அமெரிக்கா போகும் ஏர் இந்தியா விமானங்கள் எரிபொருள் நிரப்ப வியன்னாவிலோ கோபன்ஹேகனிலோ இறங்க வேண்டியதாயிற்று. ஆக, ஒரே இரண்டு ஊர்களுக்கு இடையில் பறந்தாலும், எந்த நாட்டு நிறுவனம் என்பதைப் பொறுத்து வழியும் நேரமும் மாறும். விலையைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள் என்பேன். அந்த அம்மா திரையில் பார்த்தது, மூடிய ரஷ்யாவுக்கும், பல நிறுவனங்கள் தவிர்க்கும் ஈரானுக்கும் நடுவில் மிச்சம் இருக்கும் அந்தக் குறுகிய பாதையைத்தான்.

வளைகுடா வழியாகப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். 2025 ஜூன் 23 அன்று கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியது. தோஹாவுக்கு வந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு ஊர்களில் இறங்கின.

அதனால் முழுப் பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். மலிவு என்று இரண்டு தனி டிக்கெட் எடுத்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடும்போது பொறுப்பேற்க யாரும் இருக்க மாட்டார்கள். ஃப்ளைட்ரேடார்24 தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டால், கடந்த சில நாட்களில் அது உண்மையில் எத்தனை மணிக்கு இறங்கியது என்று தெரியும். இணைப்பு விமானத்துக்கு எவ்வளவு நேரம் விடுவது என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள். மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக நான் எடுப்பதில்லை.

பிரிட்டன் அல்லது ஐரோப்பிய ஒன்றிய விமான நிலையத்திலிருந்து புறப்படும்போது வான்வெளி மூடியதால் விமானம் ரத்தானால், இழப்பீட்டுப் பணம் கிடைக்காது. ஆனால் சாப்பாடு, தேவைப்பட்டால் தங்கும் இடம், மாற்று விமானம் அல்லது டிக்கெட் பணம் தருவது நிறுவனத்தின் கடமை. கவுண்டரில் தயங்காமல் கேளுங்கள். பயணக் காப்பீட்டில் போர் காரணமான இழப்புக்கு விலக்கு இருக்கிறதா என்று கட்டாயம் படித்துப் பாருங்கள், பல பாலிசிகளில் இருக்கும்.

மூன்று நாளைக்கு வேண்டிய கூடுதல் மருந்தைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டுவிடாதீர்கள். கல்யாணத்துக்குப் போகிறீர்கள் என்றால் முழுதாக ஒரு நாள் முன்னதாகவே போய் இறங்குங்கள். அப்புறம், அழைத்துப்போக வருகிறவர்களிடம் இறங்கும் நேரத்தை மட்டும் சொல்லாமல் விமான எண்ணையும் கொடுங்கள். விமானம் எங்கே வருகிறது என்று பார்த்துவிட்டு அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பட்டும்.