லாண்ட்மாஸ்டருக்குச் சால் கலப்பை: எதை வாங்குவது, எதை நாமே செய்வது

யாழ்ப்பாணத்தில் இரண்டு சில்லு உழவு மிசின் எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும் அதற்குப் பெயர் லாண்ட்மாஸ்டர்தான். அது இங்கிலாந்துத் தயாரிப்பு ஒன்றின் பெயர். இப்போது தோட்டத்தில் நிற்பவை குபோட்டாவும் யன்மாரும் சீனத்து மிசின்களுமாக இருந்தாலும் வாயில் வருவது பழைய பெயர்தான். நானும் அப்படியே எழுதுகிறேன்.

நான்கு, ஐந்து பரப்பில் தோட்டம் செய்பவருக்கு இதைவிடப் பொருத்தமான மிசின் இல்லை. 16 பரப்பு சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். அவ்வளவு சின்னத் தறைக்குள் பெரிய ரக்டர் திரும்பும்போதே ஒரு மூலை வீணாகிவிடும். ஆனால் பலர் லாண்ட்மாஸ்டரை, சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் ரொட்டவேற்றருக்கும் பாரம் ஏற்றி இழுக்கும் பெட்டிக்கும் மட்டும் வைத்திருக்கிறார்கள். உருளைக்கிழங்குக்குச் சால் திறக்கும் நாளில் மிசின் வேலியோரம் நிற்க, நான்கு பேர் மண்வெட்டியோடு குனிந்து நிற்பார்கள். அந்த வேலைக்கான கலப்பையை இரும்புக் கடைச் சாமானில் நாமே செய்துகொள்ளலாம். முதன்முதலாகச் செய்பவர் எங்கே பிழை விடுவார் என்று எனக்குத் தெரிந்த அளவில், ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: எதைச் செய்யக்கூடாது என்று முடிவெடுங்கள்

ரொட்டவேற்றரை நீங்கள் செய்ய முயலவேண்டாம். சுழலும் கத்திகளின் எடை எல்லாப் பக்கமும் சமமாக இல்லாவிட்டால் பெயரிங்குகள் ஒரு பருவம்கூடத் தாங்காது. கத்தி ஒன்று கழன்று பறந்தால் அது பின்னால் நிற்பவரின் காலைத்தான் தேடிவரும். பெட்டியையும் வாங்குங்கள். பாரம் ஏற்றி வீதியில் ஓடுகிற ஒன்றுக்கு பிரேக் சரியாக இருக்கவேண்டும்.

வயலுக்கான கூட்டுச் சில்லை (சேற்றில் ஓடப் பூட்டும் இரும்புச் சில்லு) ஊர் வெல்டிங் பட்டறையில் செய்விக்கலாம். பட்டறைக்காரர் பலருக்கு அது கை பழகிய வேலை. நாமே செய்வதற்கு ஏற்றவை, சுழலாமல் மண்ணில் இழுபட்டு வருகிற சாமான்கள்: சால் கலப்பை, மட்டப் பலகை, களை கிளறும் கொழுக்கள். இவற்றில் சால் கலப்பையை வடிவாகச் செய்யப் பழகிவிட்டால் மற்றவை தானாக வரும்.

இரண்டாம் படி: உங்கள் மண்ணைப் பாருங்கள்

வலிகாமத்துச் செம்மண்ணுக்கும் வடமராட்சி கிழக்கின் மணலுக்கும் ஒரே கலப்பை சரிவராது. மணல் தறையில் மண் கொழுவில் ஒட்டாமல் வழுகிப் போகும். அங்கே கலப்பையின் இறக்கைகள், அதாவது இரண்டு பக்கமும் மண்ணைப் புரட்டும் தகடுகள், அகலமாக இருக்கலாம். செம்மண் ஈரமாக இருந்தால் இறக்கையில் அப்பிக்கொள்ளும், காய்ந்தால் செங்கல்லாகிவிடும். அதோடு நம்முடைய செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல். சில தறைகளில் ஓர் அடி ஆழம்கூட இல்லை. உழும்போது கல் தட்டுப்படுமா என்று யோசிக்கவே தேவையில்லை, கட்டாயம் தட்டுப்படும். அந்தக் கல்லை நினைத்துத்தான் இந்தக் கலப்பையின் முழு அமைப்பும்.

மண் பதமா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை உருட்டி இடுப்பளவு உயரத்திலிருந்து விழவிடுங்கள். உருண்டை நாலைந்து துண்டாக உடைந்தால் பதம். தட்டையாக அப்பிக்கொண்டால் இரண்டு நாள் பொறுங்கள். தூளாகிவிட்டால் தண்ணீர் கட்டி ஊறவிடுங்கள். பதம் தப்பிய மண்ணில் கலப்பையை மாற்றி மாற்றிச் சரிசெய்து களைத்துப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லவேண்டும். வலிகாமம் வடக்குப் போலப் பல வருடம் உயர் பாதுகாப்பு வலயமாகப் பூட்டிக் கிடந்து விடுபட்ட காணி என்றால், கண்ணிவெடி அகற்றி முடிந்ததா என்று கேட்டு உறுதிசெய்யாமல் கொழுவை இறக்காதீர்கள். உழும்போது சந்தேகமான இரும்பு ஏதும் தெரிந்தால் என்ஜினை நிறுத்தி, அதைத் தொடாமல், வந்த தடத்திலேயே திரும்பி நடந்து வந்து கிராம சேவையாளருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள்.

மூன்றாம் படி: மிசினால் எவ்வளவு இழுக்க முடியும்

என்ஜின் எத்தனை குதிரைவலு என்பதைப் பார்த்துக் கலப்பையின் அளவைத் தீர்மானிப்பது பொதுவான பிழை. இழுப்பதைத் தீர்மானிப்பது சில்லின்மேல் இருக்கும் பாரம். உறுதியான தரையில் ஒரு மிசின் தன் எடையில் ஏறத்தாழப் பாதியை இழுக்கும். கிளறிய மண்ணில் அதற்கும் குறைவு. 300 கிலோ எடையுள்ள மிசின் என்றால் 120 முதல் 150 கிலோ இழுவைதான். அதற்குமேல் கேட்டால் சில்லு நின்ற இடத்தில் சுற்றும்.

மண் தருகிற எதிர்ப்பையும் கணக்குப் பார்க்கலாம். ரொட்டவேற்றர் அடித்துத் தளர்ந்த மண்ணில் ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 0.2 கிலோ என்று வையுங்கள். கலப்பை திறக்கும் சாலின் குறுக்கு வெட்டு சுமார் 300 சதுர செ.மீ. ஆகவே 60 கிலோ. மிசினுக்கு இது வசதியான பாரம். அதே கலப்பையை உழாத இறுகிய தறையில் இறக்கினால் எதிர்ப்பு இரண்டு, மூன்று மடங்காகும். அதனால் முதலில் ரொட்டவேற்றர், பிறகு சால் கலப்பை. இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள்.

நான்காம் படி: அளவெடுத்தல்

இரும்பு வாங்கப் போவதற்கு முன் ரொட்டவேற்றரைக் கழற்றி, மிசினைச் சமதரையில் நிறுத்தி, நான்கு அளவுகளை ஒரு கொப்பியில் எழுதுங்கள். பின்னால் கலப்பை பூட்டும் பெட்டியின் உள் அகலம், அதைப் பூட்டும் பின் (pin) போகும் துளையின் விட்டம், அந்தத் துளை நிலத்திலிருந்து எவ்வளவு உயரம், இரண்டு ரயர்களின் நடுவுக்கு நடு தூரம். துளையை ரேப் வைத்து அளக்காமல் கலிப்பர் இரவல் வாங்கி அளவுங்கள். பின் துளைக்குள் 2 மி.மீ. ஆடினால், கலப்பையின் நுனியில் அந்த ஆட்டம் பல மடங்காகத் தெரியும்.

என் மிசினில், கலப்பைத் தண்டு தொங்கும் போல்ட் (அதை ஏழாம் படியில் சொல்கிறேன்) நிலத்திலிருந்து 33 செ.மீ. உயரத்தில் வந்தது. சால் 12 செ.மீ. ஆழம் வேண்டும். ஆகவே போல்டிலிருந்து கொழு நுனி வரை 45 செ.மீ. உங்கள் அளவு வேறாக இருக்கும். கூட்டிப் பாருங்கள்.

ஐந்தாம் படி: இரும்பு வாங்குதல்

தண்டுக்கு 12 மி.மீ. தடிப்பும் 60 மி.மீ. அகலமும் உள்ள பட்டை இரும்பு. தண்டைப் பிடிக்க 10 மி.மீ. தகட்டில் இரண்டு துண்டு, தண்டின் அடியில் வரும் பாதத்துக்கு அதே தகட்டில் இன்னொரு துண்டு. இறக்கைகளுக்கு 4 மி.மீ. தகடு. பழைய எண்ணெய்ப் பீப்பாத் தகட்டை எடுக்காதீர்கள், அது மெல்லியது, முதல் கல்லிலேயே மடியும். கொழுவுக்கு லொறியின் பழைய வில்லுப் பட்டையில் 25 செ.மீ. துண்டு. வெள்ளி நிறத்தில் நாகம் (துத்தநாகம்) பூசிய குழாய் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வெல்டிங்கில் ஒட்டும்போது எழும் வெள்ளைப் புகை காய்ச்சலையும் மூச்சிறுக்கத்தையும் தரும்.

வில்லுப் பட்டை மிக நல்ல இரும்பு. அதில் கரி கூடுதல், அதனால் தேய்மானம் குறைவு. ஆனால் அதே காரணத்தால் அதைச் சாதாரண வெல்டிங் கூரால் ஒட்டக்கூடாது. என் முதல் கலப்பையில் கொழுவைத் தண்டோடு நேரே ஒட்டினேன். ஒட்டு பார்க்க மிக அழகாக இருந்தது. இரண்டாவது சாலில் ஒரு சின்னக் கல். கொழு தெறித்துப் போய்க் கிடந்தது. எடுத்துப் பார்த்தால் ஒட்டு அப்படியே இருக்கிறது. அதற்கு ஒரு நூல் தள்ளி, வில்லு இரும்பு கண்ணாடி மாதிரி வெடித்திருந்தது. உடைந்த முகத்தில் மணல் மணலாகச் சாம்பல் நிறம். அதைக் கொண்டுபோய்க் காட்டியபோது பட்டறையில் இருந்த பெரியவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, வில்லை ஒட்டாதை, பூட்டு" என்றார். ஒட்டும் சூட்டில் பக்கத்து இரும்பு காய்ந்து, சட்டென்று ஆறும்போது உடையும் தன்மைக்கு வந்துவிடுகிறது. அன்றிலிருந்து என் கொழு எதுவும் ஒட்டில் நிற்பதில்லை, போல்டில் நிற்கிறது.

ஆறாம் படி: கொழுவும் இறக்கையும்

வில்லுப் பட்டையின் நடுவில் ஏற்கனவே ஒரு துளை இருக்கும். அதையே ஒரு போல்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது துளை அதற்குப் பின்னால் 6 செ.மீ. தள்ளி. சும்மா துளைத்தால் துளையூசிதான் மழுங்கும். அந்த இடத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலுக்குள் புதைத்து விடுங்கள். விடிய எடுத்தால் துளை போடலாம். நுனிப் பக்கம் சூடேறாமல் ஈரச் சாக்குச் சுற்றுங்கள், அதன் உறுதி நமக்கு வேண்டும்.

தண்டின் அடியில் 10 மி.மீ. தகட்டால் ஒரு சாய்வான பாதம் ஒட்டி, அதன்மேல் கொழுவைப் பூட்டுங்கள். கொழு நிலத்தோடு 20 முதல் 25 பாகை சரிந்திருக்கவேண்டும். இந்தச் சரிவைப் பிறகு மாற்றத் தேவைப்படும், அதற்கு ஒரு போல்டின் கீழ் வாசர் ஒன்று வைத்தால் போதும்.

இறக்கைக்கு முதலில் காட்போட்டில் வெட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றும் 30 செ.மீ. நீளம், 18 செ.மீ. உயரம். முன்விளிம்பு கொழுவுக்குப் பின்னால் தண்டோடு சேர்ந்து, பின்பக்கம் இரண்டும் விரிந்து 40 செ.மீ. அகலம் வரவேண்டும். மேல் விளிம்பு சற்று வெளியே வளைந்திருந்தால் மண் புரண்டு விழும். நேராக இருந்தால் மண்ணைத் தள்ளிக்கொண்டே போகும், மிசின் திணறும். தகட்டை ஒரு தடித்த குழாயின்மேல் வைத்துச் சுத்தியலால் மெல்ல மெல்லத் தட்டினால் வளைவு வரும். முடிந்ததும் மண் படும் முகத்தைக் கிரைண்டரால் வழுவழுப்பாக்குங்கள். செம்மண் ஒட்டாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஏழாம் படி: முறிவதற்கென்று ஒரு போல்ட்

இதுதான் முழு வேலையின் உயிர். கல்லில் மோதும்போது ஏதோ ஒன்று முறியத்தான் வேண்டும். அது கியர்ப் பெட்டியாகவோ உங்கள் மணிக்கட்டாகவோ இருக்கக்கூடாது.

தண்டின் மேல்முனையை, மிசினில் பூட்டும் அந்த இரண்டு 10 மி.மீ. தகடுகளுக்கு நடுவில் வைத்து 16 மி.மீ. போல்ட் ஒன்றில் தொங்கவிடுங்கள். தண்டு இதைச் சுற்றி ஆடலாம். அந்தப் போல்டின் நடுவிலிருந்து 4 செ.மீ. கீழே, தகடுகளையும் தண்டையும் சேர்த்து ஒரு 6 மி.மீ. துளை. அதில் ஒரு மெலிந்த போல்ட். உழும்போது தண்டை ஆடாமல் பிடித்திருப்பது இதுதான்.

சாதாரண மென் இரும்புப் போல்ட் 6 மி.மீ. தடிப்பில், ஒரு வெட்டுத் தளத்தில் சுமார் 700 கிலோவில் முறியும். இரண்டு தகடுகளுக்கு நடுவே இரண்டு வெட்டுத் தளம், ஆகவே 1400 கிலோ. நுனி 45 செ.மீ. தூரத்திலும் போல்ட் 4 செ.மீ. தூரத்திலும் இருப்பதால், நுனியில் ஏறத்தாழ 120 கிலோ அழுத்தம் வந்தாலே போல்ட் முறிந்துவிடும். சால் திறக்க 60 கிலோ போதும் என்று மேலே பார்த்தோம். ஆகவே சாதாரண வேலையில் போல்ட் நிற்கும். கல்லில் முறியும், தண்டு பின்னால் மடங்கும், நீங்கள் கிளச்சைத் துண்டித்து நிறுத்தலாம்.

போல்ட் வாங்கும்போது தலையைப் பாருங்கள். 8.8 என்று பொறித்திருந்தால் அது இரண்டு மடங்கு உறுதியானது, இந்த இடத்துக்கு வேண்டவே வேண்டாம். 4.6 என்று உள்ளதைக் கேளுங்கள். முழுக்க மரை வெட்டிய போல்ட் இன்னும் குறைந்த பாரத்திலேயே முறியும். அது அடிக்கடி முறிந்தால், வெட்டுப்படும் இடத்தில் மரை இல்லாத மொட்டைத் தண்டு உள்ள போல்டாக மாற்றுங்கள், ஆணியை வைத்து அடிக்காதீர்கள்.

எட்டாம் படி: தறையில் இறக்குதல்

முதல் சாலுக்குக் கயிறு கட்டுங்கள். உருளைக்கிழங்குக்குச் சாலுக்குச் சால் 60 செ.மீ. வைப்பது வழக்கம். முதல் கியரில், குறைந்த வேகத்தில், பத்து மீற்றர் ஓடி நிறுத்திவிட்டு எல்லா நட்டுகளையும் இறுக்குங்கள். புதிதாகச் செய்த சாமானில் நட்டு இளகாமல் இருக்காது.

கொழு மண்ணுக்குள் ஆழ ஆழப் போய்க் கைப்பிடியைக் கீழே இழுத்தால் சரிவு கூடிவிட்டது. மேலே கிளம்பி மண்ணைச் சுரண்டினால் சரிவு போதாது. வாசரைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மண் குவிந்தால் இறக்கைகளின் விரிவை அளவுங்கள், ஒரு செ.மீ. வித்தியாசமே போதும். இறக்கையில் அப்பிய மண்ணை எடுக்கும்போது என்ஜினை நிறுத்துங்கள். நியூட்ரலில் நிற்கிறதுதானே என்று நினைக்கவேண்டாம். காலில் சப்பாத்து இருக்கட்டும்.

பயிர் முளைத்த பிறகு மண் அணைக்க இதைக் கொண்டுபோகாதீர்கள். நடுவில் ஒற்றைக் கலப்பை, 60 செ.மீ. வரிசை என்றால் இரண்டு சில்லும் செடிகளின் மேலேதான் ஏறும். அதற்கு மண்வெட்டிதான்.

வேலை முடிந்த பின்னேரம் கொழுவைக் கழுவித் துடைத்துப் பழைய என்ஜின் ஒயில் பூசி நிழலில் வையுங்கள். கண்டபடி துருப்பிடித்த இறக்கையில் அடுத்த மாரிக்கு மண் அப்பும். மெலிந்த போல்ட்டுகள் பத்தை ஒரு சின்னப் போத்தலில் போட்டு, ஒரு 10 நம்பர் ஸ்பனரோடு கைப்பிடியில் கட்டிவிடுங்கள். முறிந்தால் மாற்ற ஐந்து நிமிடம்.