சுருள்பாசித் தூளை வாய்க்கு வழங்கிற மாதிரி சாப்பிடுறது எப்பிடி?

முதல்லயே ஒண்டு சொல்லிடுறன், சுருள்பாசிய, அதான் ஸ்பைருலினாவ, கொதிக்கிற எதுக்குள்ளயும் போடாதீங்கோ. நான் வாங்கின புதுசில இடியப்பத்துக்கு வைச்ச சொதி அடுப்பில கிடக்கேக்க ஒரு மேசைக்கரண்டி நிறைய அள்ளிக் கொட்டிட்டன், மஞ்சள் சொதி ஒரு நிமிசத்தில சேத்துப் பச்சையாகி, ஆவியோட சேர்ந்து வீடு முழுக்க வள்ளத்துக் கயிறு மணக்கிற மாதிரி மணந்துது. அம்மா சட்டிய எட்டிப் பாத்திட்டு "கடல் தண்ணியிலயோ பிள்ள சொதி வைச்சனீ" எண்டு கேட்டா, பிறகு சம்பலோட மட்டும் ரெண்டு இடியப்பம் சாப்பிட்டிட்டு எழும்பிட்டா.

மணம் அப்பிடியே தவிர இது கடல் சாமான் இல்ல. கார நீர்த் தொட்டியளில வளக்கிறது, பேர்தான் பாசி, உண்மையில ஒரு பக்டீரியா வகை, மைக்ரோஸ்கோப்பில சுருள் சுருளா தெரியும், அதான் சுருள்பாசி. ஆபிரிக்காவில சாட் ஏரிப் பக்கத்துச் சனம் இதை வழிச்செடுத்து மணலில காயவைச்சு காலங்காலமா கறிக்கு போடுறவை. அதுக்காக இங்க குளத்தில மிதக்கிற பச்சைய அள்ளப் போகாதீங்கோ, ஈரலைக் கெடுக்கிற நஞ்சுப் பாசியும் அதே நிறத்தில தான் மிதக்கும்.

அளவு எண்டா முதல் கிழமை கால் தேக்கரண்டி, ஒரேயடியா கூட்டினா வயிறு ஊதும், தலை இடிக்கும். பிறகு அரை, ஆகக்கூட ஒரு தேக்கரண்டி, அது கிட்டத்தட்ட 3 கிராம். 100 கிராம் தூளில 57 கிராம் புரதம் இருக்கிறது உண்மைதான், ஆனா உங்கட ஒரு கரண்டியில 2 கிராம் கூட வராது, ஒரு முட்டையிலயே 6 கிராம் இருக்கு, அதால இதை நம்பி முட்டைய விட்டிடாதீங்கோ. போத்தலில விற்றமின் பி12 எண்டு போட்டிருந்தாலும் அதில முக்கால்வாசி எங்கட உடம்புக்கு உதவாத போலி பி12, மரக்கறி மட்டும் சாப்பிடுற ஆக்கள் இதை கவனிக்கோணும்.

இனி குடிக்கிறது. தூளை நேர தண்ணிக்குள்ள கொட்டினா கட்டி கட்டியா மேல மிதக்கும், முதல்ல கோப்பையில போட்டு நாலு சொட்டு தேசிக்காய்ப்புளி விட்டு கரண்டியின்ட முதுகால நசிச்சுக் குழையுங்கோ, மை மாதிரி வந்தாப் பிறகு தண்ணி, சீனி, ஒரு சிட்டிகை உப்பு. புளிப்புதான் அந்த மணத்துக்கு எதிரி, அதோட தேசிக்காயில இருக்கிற விற்றமின் சி இரும்புச்சத்து உடம்பில சேரவும் உதவும். பிளேன்டியோட மட்டும் எடுக்காதீங்கோ, தேயிலை இரும்பைச் சேர விடாது, ஒரு மணித்தியாலம் இடைவெளி விடுங்கோ. கனிஞ்ச வாழைப்பழமும் எருமைத் தயிரும் பனங்கட்டியும் சேத்து அடிச்சா ஒரு தேக்கரண்டி கூட தெரியாது.

சாப்பாட்டில லேசான வழி, ஏற்கனவே பச்சையா இருக்கிறதுக்குள்ள ஒளிக்கிறதுதான். வல்லாரைச் சம்பலுக்கு புளி விடேக்க கால் தேக்கரண்டி, இலைக்கஞ்சிய இறக்கி ஆறவைச்சு குடிக்கப் போகேக்க கால் தேக்கரண்டி. ரொட்டி மா, பிட்டு மாவுக்கையும் போடலாம், சூட்டில சத்து எல்லாம் ஓடிப்போயிடாது, ஆனா நீல நிறம் செத்து ஊத்தைப் பச்சை வரும், எனக்கு அதைப் பாத்தாலே பசி போயிடும்.

என்ட கைராசிக்கு நல்லா வந்தது கடல்பாசி, சுருள்பாசி இல்ல, இறுகிற அகர் அகர், நோன்பு காலத்தில கிண்ணியாப் பக்கம் செய்வினமே, அதுதான். 10 கிராம் கடல்பாசிய மூண்டு கிளாஸ் தண்ணியில கரையும் மட்டும் காய்ச்சி, சீனி, ஏலக்காய் போட்டு இறக்குங்கோ. பிறகு ஒரு கிளாஸ் தேங்காய் முதல் பால விட்டு விரலை வைச்சா பொறுக்கிற சூட்டுக்கு வரும் மட்டும் காத்திருங்கோ, இந்த இடத்தில தான் கவனம், கடல்பாசி 40 பாகைக்கு கிட்ட வந்தாலே இறுகத் தொடங்கிடும், டெலிபோன் கதைக்கப் போனீங்களெண்டா கதை முடிஞ்சுது. அரைத் தேக்கரண்டி சுருள்பாசிய கொஞ்சம் தேங்காய்ப்பாலில குழைச்சு வைச்சிருந்து அந்த நேரம் ஊத்தி ரெண்டே ரெண்டு சுத்து சுத்துங்கோ. வடிவா கலக்காம விட்டா வெள்ளைக்குள்ள நீலப்பச்சை கோடு கோடா நிக்கும், மத்தியானம் உப்புவெளிக் கடல பாத்த மாதிரி. சொதிய தொடாத அம்மா இதில மூண்டு துண்டு சாப்பிட்டா, என்ன போட்டனான் எண்டு நான் சொல்லேல்ல.

எங்கட உப்புக் காத்துக்கு தூள் கெதியா கட்டிப்படும், இறுக்கமா மூடுற போத்தலில வெளிச்சம் படாம வையுங்கோ, ஈரக் கரண்டி போடவே கூடாது. இரத்தம் உறையாம இருக்க குளிசை போடுற ஆக்கள், லூபஸ், முடக்குவாதம் மாதிரி உடம்பு தன்னைத்தானே தாக்கிற வருத்தம் உள்ள ஆக்கள், பிள்ளைத்தாச்சியள், பால் குடுக்கிற தாய்மார் டொக்டரைக் கேக்காம தொடாதீங்கோ, பிறவியிலயே பினைல்கீட்டோனூரியா (புரதத்தில இருக்கிற ஒரு கூறை உடம்பால உடைக்கேலாத வருத்தம்) உள்ளவைக்கு அறவே கூடாது. மற்றபடி முதல் ரெண்டு மூண்டு நாள் கக்கூசில பச்சையா போகும், பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிடாதீங்கோ, தூளின்ட நிறம்தான் அது.