டிசைன் ஸ்பிரிண்ட்: வெள்ளிக்கிழமைக்கான ஏற்பாட்டிலிருந்து தொடங்குங்கள்

ஒரு செயலியை மாதக்கணக்கில் உழைத்துக் கட்டி முடித்த பிறகு, அது பயனருக்குப் பிடிபடவில்லை என்று அறிவதைவிட, அதை ஐந்து வேலை நாள்களுக்குள் அறிந்துகொள்வதே டிசைன் ஸ்பிரிண்ட் என்னும் குழு வேலைமுறையின் நோக்கம். 2010-இல் கூகுளில் ஜேக் நாப் தொடங்கிய இம்முறை, பின்னர் அதன் முதலீட்டுப் பிரிவான கூகுள் வென்ச்சர்ஸில் ஐந்து நாள் வடிவம் பெற்றது. சென்னை மாநகரப் பேருந்துக்கு மொபைலில் டிக்கெட் எடுக்கும் செயலி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

குழுவில் ஏழு பேருக்கு மேல் வேண்டாம். ஆனால் இறுதி முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் அவர்களில் ஒருவராக இருந்தே ஆக வேண்டும். அவர் வராத ஸ்பிரிண்டை ஒத்திவைப்பதே நல்லது. அறைக்குள் மொபைலுக்கும் லேப்டாப்புக்கும் இடமில்லை.

திங்கட்கிழமை, பயனர் தொடங்கும் இடத்திலிருந்து முடிக்கும் இடம்வரை ஒயிட்போர்டில் ஒரு வரைபடமாக வரைந்து, விவரம் அறிந்தவர்களை அழைத்துக் கேளுங்கள். நம் எடுத்துக்காட்டில் அந்த விவரம் அறிந்தவர் நடத்துநர்தான். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது ஓஎம்ஆர் அலுவலகத்திற்கு கேபில் வந்துபோகும் வடிவமைப்பாளருக்கு நினைவில் இல்லாமல் போகலாம். அதை மறந்து வரைந்தால், பயணிகளில் பெரும்பகுதியினர் வரைபடத்துக்கு வெளியே நின்றுவிடுவார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒவ்வொருவரும் தம் தீர்வைத் தனித்தனியே வரைய வேண்டும். எட்டு நிமிடங்களில் எட்டு ஓவியங்கள் வரையும் பயிற்சி இங்கேதான் வருகிறது. கோடு கோணலாக இருந்தாலும் கவலையில்லை. புதன்கிழமை அவற்றைச் சுவரில் ஒட்டி, யார் வரைந்தது என்று சொல்லாமல், முதலில் பிடித்த யோசனைகளின் மேல் மௌனமாகப் புள்ளி ஒட்டி வாக்களியுங்கள். மேலதிகாரி பேசிய பிறகு அவருக்கு மாறாகப் பேசத் தயங்கும் நம் அலுவலகங்களுக்கு இந்த மௌனம் பெரும் உதவி. வியாழக்கிழமை, திரைகளை வடிவமைக்கும் மென்பொருளான ஃபிக்மாவில், தேர்வான யோசனையின் மாதிரியை உருவாக்குங்கள். பார்வைக்கு உண்மையாக இருந்தால் போதும், பின்னால் ஒரு வரி நிரல்கூடத் தேவையில்லை. ஆனால் திரையில் உள்ள தமிழைப் புதனன்றே எழுதி முடித்துவிடுங்கள். கடைசி மணி நேரத்தில் மொழிபெயர்த்து ஒட்டிய சொற்களில் பயனர் தடுக்கி விழுந்தால், பிழை வடிவமைப்பிலா சொல்லிலா என்று தெரியாமலே போய்விடும்.

வெள்ளிக்கிழமை ஐந்து பயனர்களிடம் சோதனை. இத்தகைய சோதனைக்கு ஐவர் போதும் என்று பயன்பாட்டு எளிமை வல்லுநர் யாகோப் நீல்சன் நெடுங்காலமாக வலியுறுத்தி வந்திருக்கிறார். தலைப்பில் சொன்ன ஏற்பாடு இதுதான்: அந்த ஐவரையும் முந்தைய வாரமே உறுதிசெய்யுங்கள். தாம்பரத்திலிருந்து பிராட்வே செல்பவரை ஓஎம்ஆரில் சோழிங்கநல்லூரில் உள்ள அலுவலகத்துக்கு வரச் சொன்னால் வர மாட்டார். பேட்டி எடுப்பவரே அவர் இருக்கும் இடத்துக்குச் செல்லட்டும்; மற்றவர்கள் அதை அலுவலகத் திரையில் பார்க்கலாம். மாதிரியை வரைந்தவர் பேட்டி எடுக்கவே கூடாது. நம் மக்கள் விருந்தோம்பலில் வளர்ந்தவர்கள். "நல்லா இருக்குங்க" என்பது பெரும்பாலும் மரியாதையே தவிர மதிப்பீடு அல்ல. ஆகவே கருத்துக் கேட்காமல் ஒரு வேலையைக் கொடுங்கள்: "நாளைக் காலை கிண்டி போகணும், டிக்கெட் எடுத்துக் காட்டுங்க." பிறகு வாயைத் திறக்காமல், விரல் எங்கே தயங்குகிறது என்று பாருங்கள்.

ஐவரில் மூவராவது தடுமாறிய இடங்களை அன்று மாலையே தனியே எழுதி, முடிவெடுப்பவரின் முன் வையுங்கள். அந்த இடங்களைத் திருத்துவதா, யோசனையையே கைவிடுவதா என்று அவர் அறையை விட்டுப் புறப்படும் முன் சொல்ல வேண்டும்.